பாம்ப்ளமூஸ் தாவரத் தோட்டம்: குடும்பத்தோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மொரீஷியஸ் எரிமலைகளால் உருவான தீவு என்பதால், அங்குள்ள தாவரத் தோட்டத்தைப் பார்க்கவும் மேடு ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்று எண்ணி வயதானவர்களை விடுதியிலேயே விட்டுவிட்டு வருகிற குடும்பங்கள் உண்டு. உண்மையில் பாம்ப்ளமூஸ் தோட்டம் தீவின் வடக்குச் சமவெளியில் அமைந்திருக்கிறது. பாதைகள் அகலமானவை, பெரும்பாலும் சமதளமானவை, குழந்தையை வண்டியில் வைத்தே தள்ளிக்கொண்டு போகலாம்.

எரிமலைத் தீவின் நில அமைப்பு உண்மையில் ஏமாற்றுவது வானிலையில்தான். தென்கிழக்கிலிருந்து வீசும் ஈரக்காற்றை நடுவிலுள்ள மேட்டுநிலம் தடுத்து நிறுத்துவதால், அந்த மேட்டிலுள்ள கூரெபிப் நகரில் மழை கொட்டும் அதே வேளையில் வடக்கே வெயில் காய்ந்துகொண்டிருப்பது சாதாரணம். விடுதிச் சன்னல் வழியே மழையைப் பார்த்துவிட்டுப் பயணத்தைக் கைவிடுவது அவசர முடிவு. வடக்குப் பகுதியின் நிலவரத்தைத் தனியாக விசாரித்த பிறகே தீர்மானிக்க வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான கோடையில் புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தால் மட்டும் யோசனையே வேண்டாம், வெளியே கிளம்பாதீர்கள்.

தோட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் சர் சிவசாகர் ராம்கூலம் தாவரத் தோட்டம். ராம்கூலம் நாட்டின் முதல் பிரதமர்; தீவின் தென்கிழக்கிலுள்ள விமான நிலையத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. போதாக்குறைக்குக் கூரெபிப்பிலும் ஒரு சிறிய தாவரத் தோட்டம் இருக்கிறது. ஆகவே வண்டி ஓட்டுநரிடம் பெயரை நீட்டி முழக்காமல் ‘பாம்ப்ளமூஸ்’ என்ற ஊர்ப் பெயரைச் சொல்வதே நல்லது.

மிகப் பெரிய தவறு நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் நிகழ்கிறது. காலை உணவை நிதானமாக முடித்துக்கொண்டு நண்பகலில் வந்து சேருகிறவர்கள், புகழ்பெற்ற ராட்சத அல்லிக் குளத்தின் முன்னால் நின்று, ‘பூவே இல்லையே’ என்று ஏமாறுகிறார்கள். அந்த அல்லி மாலையில் வெள்ளையாக விரிந்து, இரவு முழுவதும் மணந்து, மறுநாள் பகலில் இதழ்களை ஒடுக்கிக்கொள்கிறது; அன்று மாலை இளஞ்சிவப்பாக மீண்டும் விரிந்து, பிறகு நீருக்குள் அமிழ்ந்துவிடுகிறது. காலையில் தோட்டம் திறந்தவுடன் நுழைந்தால், இன்னும் முழுதும் மூடாத பூக்கள் சில கண்ணில் படும். வெயிலும் தாங்கும்படி இருக்கும். விளிம்பு மடிந்த தாம்பாளம்போல மிதக்கும் இலைகளைப் பார்த்ததும், குழந்தைகளுக்கு அவற்றின்மேல் உட்காரும் ஆசை வரும். அடிப்புறம் முழுக்க முள் என்பதைக் கரையிலேயே சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அல்லிக் குளத்தோடு படமெடுத்துத் திரும்பிவிடுவது அடுத்த தவறு. என்னைக் கேட்டால், இதுதான் வருத்தத்துக்குரியது. இந்த இடத்தைத் தாவரத் தோட்டமாக வளர்த்த பிரெஞ்சு நிர்வாகி பியர் புவாவ்ர், ஜாதிக்காய், கிராம்பு வணிகத்தில் டச்சுக்காரர்கள் வைத்திருந்த ஏகபோகத்தை உடைப்பதற்காக, இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கமுக்கமாகக் கடத்திவரச் செய்தார். 1770இல் அவை இத்தீவை வந்தடைந்தன. வீட்டில் அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் பொருள்களுக்காகக் கப்பல்கள் உயிரைப் பணயம் வைத்து ஓடின என்பதைப் பிள்ளைகளுக்கு அந்த மரங்களின் அடியில் நின்று சொல்வதுபோல வேறெங்கே சொல்ல முடியும்? பிளந்த ஜாதிக்காய்ப் பழத்துக்குள் கருநிற விதையைச் செக்கச்சிவந்த பத்திரி வலைபோலச் சுற்றியிருப்பதைப் பார்த்த பிள்ளை, அதை எளிதில் மறக்காது. தாளிப்பனைகளையும் தவறவிடாதீர்கள். நம் ஏட்டுச்சுவடிகள் பலவற்றுக்கு ஓலை தந்த இந்த மரம், பல பத்தாண்டுகள் காத்திருந்து ஒரே ஒரு முறை பூத்து, காய்த்து, மடிந்துபோகிறது.

எல்லா மரங்களிலும் பெயர்ப்பலகை இருக்கும் என்று நம்பி, வழிகாட்டியை வேண்டாம் என்று ஒதுக்குவதும் சிக்கனமாகாது. இலையைக் கசக்கி மூக்கருகே நீட்டி ‘இது என்ன வாசனை, சொல்’ என்று கேட்கத் தெரிந்த ஒருவர் கூட வந்தால், சிறுவர்கள் சலிப்படைவதில்லை. கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அங்கும் ரூபாய்தான் என்றாலும் அது மொரீஷியஸ் ரூபாய் என்பதை மறந்து கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கீழே கிடக்கும் காய்களைப் பிள்ளைகள் வாயில் வைக்கவோ, விதைகளை நீங்கள் நினைவுப் பொருளாகப் பையில் போடவோ கூடாது. முன்னது நஞ்சாகலாம்; பின்னது விமான நிலையத்தில் சிக்கலாகலாம். தோட்டத்தில் வளர்க்கப்படும் ஆல்டப்ரா ராட்சத ஆமைகளுக்குத் தின்பண்டம் கொடுப்பதும் வேண்டாம். நிழலும் நீரும் சேர்ந்த இடமாதலால் கொசு விரட்டும் களிம்பு அவசியம்.

கடைசியாக, ஒரே நாளில் தீவு முழுவதையும் சுற்றிவிடும் பேராசை. காலையில் தோட்டம், மதியம் தென்மேற்கு மூலையிலுள்ள ஷமரெல் ஏழுநிற மண் என்று திட்டமிட்டால், தலைநகர் போர்ட் லூயியின் நெரிசலைக் கடப்பதிலேயே பொழுது போய்விடும். மதியத்துக்கு வேறு இடம் வேண்டுமானால், அருகே பொ பிளானில் பழைய சர்க்கரை ஆலையொன்று அருங்காட்சியகமாக மாற்றப்பட்டிருக்கிறது. நடந்து களைத்த பிள்ளைகள் அங்கே கூரையின் கீழ், வெயில் படாமல் சுற்றிப் பார்க்கலாம்.