மூட்டுத் தையலே இல்லாமல் ஒரு ஃபெல்ட் தொப்பி: முதல்முறை செய்பவர்களுக்கு

ஃபெல்ட் நெய்த துணி அல்ல. அதில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. கம்பளி இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் பட்டுத் தேய்படும்போது இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து சிக்கிக்கொள்ளும், அப்புறம் பிரியாது. கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் துவைத்துக் குழந்தைச் சட்டையாக வெளியே எடுத்தவர்களுக்கு இது தெரியும். அந்த விபத்தை அளந்து செய்வதுதான் இந்த வேலை.

தேவையானவை: நூற்காத, சீவிய மெரினோ கம்பளி 100 கிராம், ஆலிவ் எண்ணெய் சோப்பு, பபிள் ராப், நைலான் வலை, பழைய டவல். 'சூப்பர்வாஷ்' என்று போட்ட கம்பளி வேண்டாம். அதன் செதில்களை முன்பே மழுங்கடித்திருப்பார்கள். எவ்வளவு தேய்த்தாலும் பிடிக்காது.

முதலில், கீழே சொல்லும் முறையிலேயே 20 செ.மீ. சதுரம் ஒன்றைச் செய்து பாருங்கள். அது 13 செ.மீ. அளவில் வந்து நின்றால் உங்கள் பெருக்கல் எண் 1.5. தலைச்சுற்று 57 செ.மீ. என்றால் அதில் பாதி 28.5, அதை 1.5-ஆல் பெருக்கினால் சுமார் 43. பபிள் ராப்பில் மணி வடிவம் வெட்டுங்கள்: உச்சி வளைவு, அகலம் 43, உயரம் 40. கீழ் 13 செ.மீ. மட்டும் விரிந்து அடியில் 55 ஆகட்டும். அது விளிம்புக்கு.

கம்பளியை எடை போட்டு 25 கிராமாக நான்கு பங்கு வையுங்கள். பக்கத்துக்கு இரண்டு அடுக்கு. கம்பளிப் பட்டையைக் கத்தரிக்கக் கூடாது. இரு கைகளும் ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்ல இழுத்தால் புகைபோல ஒரு கொத்து வரும். முதல் அடுக்கைக் குறுக்காகவும் இரண்டாவதை நெடுக்காகவும் பரப்புங்கள். உச்சியிலும் பக்கங்களிலும் 3 செ.மீ. வெளியே நீளட்டும், அடியில் வேண்டாம். வலையைப் போர்த்திச் சோப்பு வெந்நீர் தெளித்து, காற்றுப் போகும்வரை அழுத்துங்கள். பிறகு திருப்பி, நீண்ட பகுதியை இறுக்கமாக மடித்துவிட்டு மறுபக்கம் அடுக்குங்கள். அங்கே மிஞ்சுவதையும் அப்படியே மடியுங்கள். இந்த மடிப்பு தளர்ந்தால் தொப்பியைச் சுற்றி ஒரு வரப்பு எழும்பும். காய்ந்தபின் அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

முதல் பத்து நிமிடம் தடவினால் போதும். அவசரப்பட்டு அழுத்தித் தேய்த்தால் இழை விலகி ஓட்டை விழும். பிறகு அழுத்தத்தைக் கூட்டி, இரு பக்கமும் தேய்த்துக்கொண்டே கிள்ளிப் பாருங்கள். தனி இழையாக வந்தால் இன்னும் ஆகவில்லை. தோல்போல மொத்தமாக எழும்பினால் பபிள் ராப்பை அடி வழியாக உருவிவிட்டு, ஓர மடிப்பை உள்ளிருந்து தேய்த்துவிடுங்கள்.

அடுத்தது சுருக்குவது. டவலில் சுருட்டி 50 முறை உருட்டி, திசை மாற்றி மறுபடியும் 50. எந்தத் திசையில் உருட்டுகிறீர்களோ அந்தத் திசையில்தான் சுருங்கும். அகலம் மிஞ்சினால் அகலவாட்டில் உருட்டுங்கள். இன்னும் சூடான நீரில் நனைத்து மேசையில் அடிக்கலாம். ஆனால் நடுநடுவே அளந்துகொண்டே இருங்கள்.

அலசி, கடைசி வாளித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் விடுங்கள். சோப்பின் காரம் போய்விடும். முறுக்காமல் டவலில் அழுத்தித் தண்ணீரை எடுங்கள்.

ஈரத்தோடு 57 செ.மீ. மர அச்சில் ஏற்ற வேண்டும். அச்சு இல்லையென்றால் அதே சுற்றளவுள்ள கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொள்ளலாம். இழுத்தால்தான் ஏற வேண்டும். வழுக்கிக்கொண்டு ஏறினால் இன்னும் சுருக்கம் பாக்கி. விளிம்பு தொடங்கும் இடத்தில் கயிறு கட்டி, நீராவி காட்டி, விளிம்பை இழுத்துப் படியவையுங்கள். (அந்தக் காலத்துத் தொப்பிப் பட்டறைகளில் முயல் ரோமத்தையும் பீவர் என்ற நீர்விலங்கின் ரோமத்தையும் பாதரச நைட்ரேட்டால் பதப்படுத்தினார்கள், அந்த ஆவியால் தொழிலாளர்களுக்குக் கை நடுக்கம் வந்தது. செம்மறிக் கம்பளிக்கு அது தேவையில்லை. ஆனால் மிகப் பழைய ரோமத் தொப்பி கையில் கிடைத்தால் அதற்கு நீராவி காட்டாதீர்கள்.)

நிழலில் இரண்டு நாள். அதற்குமுன் கழற்றினால் உச்சி அமுங்கிவிடும். காய்ந்ததும் விளிம்பை 5 செ.மீ. விட்டு வெட்டி, உள்ளே தலைச்சுற்றில் ஒரு ரிப்பன் தைத்துவிடுங்கள். போடப்போட ஃபெல்ட் நெகிழும். அதைப் பிடித்து நிறுத்துவது இந்த ரிப்பன்தான்.