சாப்பாட்டுத் தட்டருகே உறுமிய சிப்பிப்பாறை

எங்கள் சிப்பிப்பாறை நாய் மற்ற நேரமெல்லாம் சாது. தட்டில் கறிச்சோறு விழுந்தால் ஆளே மாறிவிடும். பக்கத்தில் போனால் உடனே உறுமாது. அவசரமாக விழுங்கும், உடம்பு விறைக்கும், தலையைத் தூக்காமல் கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்க்கும். உறுமல் அதற்கப்புறம்தான்.

"பாதியில தட்டைப் பிடுங்குங்க தம்பி, அடங்கிடும்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். உறுமல் இன்னும் சீக்கிரம் வந்ததுதான் மிச்சம். அதட்டியபோது உறுமலை விட்டுவிட்டு நேராகக் கடிக்கப் பாய்ந்தது. கையால் ஊட்டினால் சமத்தாகத் தின்றது; தட்டைக் கண்டால் பழைய கதை. கால்நடை மருத்துவர் பல், காதெல்லாம் பார்த்து வலி எதுவும் இல்லை என்றார்.

பலித்தது இது. தட்டில் வெறும் சோறு மட்டும். நாய் விறைக்காத தூரத்தில், எங்களுக்கு ஏழெட்டு அடி, நிற்காமல் நடந்தபடியே உப்பில்லாமல் அவித்த கோழித்துண்டைத் தட்டருகே எறிந்துவிட்டுப் போய்விடுவேன். என்னைப் பார்த்து வாலாட்டித் தலை தூக்கிய பிறகே ஓரடி நெருங்குவது, விறைத்தால் பின்வாங்குவது.

மூன்றடியில் முன்னேற்றம் நின்றுபோனது. காரணம் தட்டு இருந்த இடம்: மாடிப்படிக்கடியில் மூலை. நான் நெருங்கினால் அதற்கு விலக வழியே இல்லை. திறந்த முற்றத்துக்கு மாற்றியதும் மளமளவென்று சரியானது. நக்கி முடித்த காலித் தட்டையும் அது காவல் காக்கும். கறித்துண்டைத் தள்ளி எறிந்து, அது போனபின்தான் எடுக்கிறோம்.

இப்போது குனிந்து தட்டிலேயே கறி வைக்கிறேன். எலும்பு விஷயத்தில் மட்டும் அதை இன்னும் நம்பவில்லை. குழந்தை இருப்பதால் அந்த நேரம் முற்றத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம்.