பாஸ் மீனுக்கு எந்த ஜிக்? தண்ணீரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை

முதல் தடவை லேக் ஃபோர்க் ஏரிக்குப் போனபோது, காலை பதினொரு மணிக்குள் ஐந்து ஜிக்குகளைத் தண்ணீருக்குத் தாரை வார்த்தேன். மீன் ஒன்றுகூட இல்லை. ஐந்தும் ஒரே வகை. கடையில் “இதுதான் இப்போது நன்றாகப் போகிறது” என்றார்கள், நிறமும் அழகாக இருந்தது, வாங்கிவிட்டேன். அது ஃபுட்பால் ஜிக். பாறைத் தரைக்காகச் செய்தது. லேக் ஃபோர்க்கோ டாலஸுக்குக் கிழக்கே ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் அணைக்கட்டு ஏரி. 1980இல் அணை முடிந்தபோது பல இடங்களில் மரங்களை வெட்டாமல் அப்படியே மூழ்கவிட்டார்கள். மூழ்கிய காட்டுக்குள் அகலத் தலை ஜிக்கை வீசினால் அது என்ன செய்யும், பாவம். கிளைக் கவட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

அதனால் இந்தப் பதிவில் கடை அலமாரியிலிருந்து தொடங்காமல் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். டெக்சாஸ் ஏரிகளைத்தான் உதாரணமாக எடுத்திருக்கிறேன், எனக்குப் பழக்கமானவை அவைதான்.

முதலில், ஜிக் என்றால் என்ன

ஒரு பெரிய தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தை வார்த்துத் தலை செய்திருப்பார்கள். தலைக்குக் கீழே சிலிக்கோன் இழைகள் பாவாடை மாதிரி தொங்கும். அதுதான் ஸ்கர்ட். தலையிலிருந்து முள்ளின் நுனியை நோக்கி, சின்னத் துடைப்பம் மாதிரி விறைப்பான நைலான் இழைகள் நீண்டிருக்கும். முள் செடியிலும் கட்டையிலும் மாட்டாமல் காப்பது இதன் வேலை, பெயர் வீட் கார்டு. கடைசியாக, முள்ளில் மெத்தென்ற பிளாஸ்டிக் வால் ஒன்றை நாமே கோத்துக்கொள்ள வேண்டும். அது டிரெய்லர்.

இவை எல்லாம் சேர்ந்து தரையில் ஊரும்போது கிராஃபிஷ் போலத் தெரியும். கிராஃபிஷ் என்பது நம் சிங்கி இறாலின் குட்டித் தம்பி மாதிரி, நன்னீரில் கல்லிடுக்கில் வாழ்வது. நாம் பிடிக்கப்போகும் லார்ஜ்மவுத் பாஸுக்கு (பெரிய வாய்ப் பாஸ்) அது என்றால் உயிர். ஊரில் தவளை கட்டி விரால் பிடித்தவர்களுக்கு இந்த மீனின் குணம் சீக்கிரம் பிடிபடும். இதுவும் மறைவில் பதுங்கிக் கிடந்து, பக்கத்தில் வருவதை ஒரே வாயில் விழுங்குகிற ஜாதிதான்.

படி 1: தண்ணீரைப் பாருங்கள்

கரையில் நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள். அடித்தரை என்ன, பாறையா சேறா? மீன் ஒளிய என்ன இருக்கிறது, மரமா செடியா படகுத்துறைத் தூணா? தண்ணீர் எவ்வளவு தெளிவு?

மூன்றாவது கேள்விக்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு வெள்ளை ஜிக்கைத் தூண்டில் நரம்பில் கட்டி, நிழல் விழும் இடத்தில் மெதுவாக இறக்குங்கள். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது? ஒரு அடிக்குள் மறைந்தால் கலங்கல். நாலைந்து அடி வரை தெரிந்தால் தெளிவு. நடுவில் என்றால் டீ டிகாக்‌ஷன் கலந்த மாதிரி ஒரு நிறம் இருக்கும். டெக்சாஸின் கிழக்குப் பக்க ஏரிகள் பல இந்த ரகம்தான். இது என் சொந்தக் கணக்கு, அங்குலம் அங்குலமாக அளக்கத் தேவையில்லை.

படி 2: தலையின் வடிவம்

கடையில் இருபது வகை தொங்கும். தொடக்கத்தில் நான்கு தெரிந்தால் போதும்.

மூழ்கிய மரம், கட்டை, படகுத்துறை என்றால் ஆர்க்கி தலை. சற்றுத் தட்டையாக, அடிப்பக்கம் அகன்று இருக்கும். கிளைமேல் ஏறி உருண்டு இறங்கும். ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவர் இதை வாங்கலாம். எல்லா இடத்திலும் ஓரளவு ஒப்பேற்றும்.

பாறை, சரளை என்றால் ஃபுட்பால் தலை. அமெரிக்கக் கால்பந்தைக் குறுக்காக வைத்த மாதிரி இருக்கும். கல்மேல் இழுக்கும்போது கவிழாமல் முன்னும் பின்னும் ஆடும், பின்னால் உள்ள டிரெய்லர் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆஸ்டின் பக்கத்து லேக் டிராவிஸ் இதற்கு அளவெடுத்த இடம். சுண்ணாம்புப் பாறை, ஆழம், தெளிந்த தண்ணீர். அதே ஜிக்தான் லேக் ஃபோர்க்கில் என் காலை நேரத்தைத் தின்றது.

அடர்ந்த செடி என்றால் கூர்மூக்குத் தலை, அதாவது கிராஸ் ஜிக். நரம்பு கட்டும் கண் தலையின் முன்நுனியிலேயே இருக்கும், அதனால் பாசியை வாரிக்கொண்டு வராமல் நழுவி வரும். ஆர்க்கி தலையில் கண் சற்று மேலே இருப்பதால் அந்த இடுக்கில் பாசி சேர்ந்துவிடும்.

நாலாவது ஸ்விம் ஜிக். தரையைத் தொடாமல், நடுத்தண்ணீரில் சீராகச் சுற்றி இழுப்பதற்கு. இது கிராஃபிஷ் வேஷம் போடாது, ஷாட் என்கிற வெள்ளிநிறச் சின்ன மீனின் வேஷம். செடிகளின் மேல்பரப்பை உரசினாற்போல் இழுக்க வேண்டும்.

படி 3: எடை

எடை என்பது உண்மையில் விழும் வேகம். பெரும்பாலான கடிகள் ஜிக் கீழே இறங்கும்போதுதான் வரும், ஆகவே இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

3/8 அவுன்ஸ், அதாவது பத்தரை கிராம் சொச்சம், பத்தடிக்குள் உள்ள தண்ணீருக்குப் போதும். அதைவிட ஆழம், அல்லது காற்று பலம் என்றால் 1/2 அவுன்ஸ். டிராவிஸ் மாதிரி இருபது, முப்பது அடியில் தரையைத் தொட வேண்டும் என்றால் 3/4. மேலே பாசி கம்பளம் விரித்த மாதிரி மூடியிருந்தால், அதைத் துளைத்து இறங்க ஒரு அவுன்ஸ் கூடத் தேவைப்படலாம்.

மீன் மந்தமாக இருக்கிற குளிர்நாளில் ஒரு படி எடையைக் குறைத்துப் பாருங்கள். ஸ்கர்ட் அடர்த்தியாக இருந்தாலும் ஜிக் மெதுவாக விழும். எடையை மாற்றாமல் வேகத்தை மாற்ற அதுவும் ஒரு வழி, அதற்கு வருகிறேன்.

டங்ஸ்டன் தலை வாங்கலாமா என்று கேட்பார்கள். ஈயத்தைவிட அடர்த்தி அதிகம், அதே எடைக்குத் தலை சிறியதாக இருக்கும், கல்லில் தட்டினால் கைக்கு நன்றாகத் தெரியும். விலை கடிக்கும். ஜிக்கைத் தொலைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்ட பிறகு வாங்குங்கள். ஒரு விஷயம்: நியூ ஹாம்ப்ஷயர் போன்ற சில மாநிலங்களில் ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைந்ததுமான ஈய ஜிக்குகளுக்குத் தடை இருக்கிறது. அறுந்து கிடக்கும் ஈயத்தை லூன் என்கிற நீர்ப்பறவைகள் விழுங்கி இறந்துபோகின்றன. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு டங்ஸ்டன் ஆடம்பரம் இல்லை.

படி 4: ஸ்கர்ட்டின் நிறம்

புதியவர்கள் அதிகம் பணத்தைக் கொட்டுவது இங்கேதான். மூன்று நிறம் போதும்.

தெளிந்த தண்ணீருக்கும் நடுத்தரத்துக்கும் கிரீன் பம்ப்கின். பெயர் பூசணி என்றாலும் பார்க்கப் பாசி படிந்த பழுப்புதான். தரையில் ஊரும் எந்த உயிருக்கும் பொருந்துகிற நிறம்.

கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பும் நீலமும் கலந்தது. கலங்கலில் பளிச்சென்ற நிறம்தானே தெரியும் என்று தோன்றும். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு, வெளிச்சத்தின் எதிரே கரிய உருவம்தான் துலக்கமாகத் தெரியும். மழை பெய்து ஓடைத்தண்ணீர் வந்து சேர்ந்த மறுநாள், வேறு எதையும் யோசிக்காமல் இதைக் கட்டுங்கள்.

வெள்ளை, ஸ்விம் ஜிக்குக்கு மட்டும்.

இதற்குமேல் ஆரஞ்சுக் கோடு, ஊதா மினுக்கு எல்லாம் உங்கள் பர்ஸின் விருப்பம். வசந்த காலத்தில் நான் இரண்டு மூன்று ஆரஞ்சு இழை சேர்ப்பதுண்டு. மீனுக்காகவா என் மனத் திருப்திக்காகவா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

படி 5: கத்தரிக்கோல் எடுங்கள்

பாக்கெட்டிலிருந்து எடுத்த ஜிக்கை அப்படியே வீசாதீர்கள். சமையலறை மேஜையில் ஐந்து நிமிட வேலை இருக்கிறது.

முள்ளை ஒரு கையில் பிடித்து, இழைகள் எல்லாவற்றையும் தலையிலிருந்து பின்பக்கமாக நீவிவிடுங்கள். சில இழைகள் நுனியில் ஒட்டியபடியே வரும், விரலால் பிரித்துவிடுங்கள். இப்போது முள்ளின் வளைவைத் தாண்டி அரை அங்குலம் விட்டு மிச்சத்தைக் கத்தரியுங்கள். ஒரே வெட்டாக நறுக்கினால் பள்ளிக்கூடத்துப் பையனின் கிண்ணக் கிராப் மாதிரி ஆகிவிடும். கத்தரியைச் சாய்த்து, நாலு இழை ஐந்து இழையாக ஏற்ற இறக்கமாக வெட்டுங்கள். நீளமாக விட்டால் மீன் இழையை மட்டும் கவ்விவிட்டுப் போய்விடும், முள் அதன் வாய்க்குள் போகாது.

தெளிந்த தண்ணீர், குளிர் என்றால் இன்னும் குறையுங்கள். பத்துப் பன்னிரண்டு இழைகளை உருவி எடுத்துவிட்டு, தலையையொட்டிய சில இழைகளைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். அவை முள்ளம்பன்றி மாதிரி விரிந்து நிற்கும், உருவமும் சிறுக்கும். கலங்கலில் இதற்கு நேர்மாறு. அடர்த்தியாக விடுங்கள், அதிகத் தண்ணீரைத் தள்ளட்டும். மீன் அந்த அதிர்வை உணர்ந்து வரும்.

அடுத்தது வீட் கார்டு. கட்டைவிரலால் முள்ளை நோக்கி அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி விறைத்து நின்றால் மீனின் வாயும் அதைத் தாண்டி முள்ளை அடையச் சிரமப்படும். முள்நுனியைக் கொஞ்சமே தாண்டி நிற்கும்படி நீளத்தைக் குறையுங்கள். பிறகு இரண்டு பக்கமும் விரித்து விசிறி ஆக்குங்கள். பாறைத் தரைக்கு மூன்றில் ஒரு பங்கு இழையை அடியோடு வெட்டலாம். மரக்காட்டுக்கு வெட்டாதீர்கள், அங்கே ஒவ்வொரு இழையும் உங்கள் ஐந்து டாலரைக் காப்பாற்றுகிறது.

ஸ்கர்ட் கிழிந்தால் முழு ஜிக்கையும் தூக்கிப் போட வேண்டாம். தனி ஸ்கர்ட் கிடைக்கும். பழைய ரப்பர் வளையத்தை வெட்டி எடுத்துவிட்டு, புதிய வளையத்துக்குள் ஊசிமூக்குக் குறடை நுழைத்து விரித்து, முள்நுனி வழியாக ஏற்றித் தலைக்கு அடியில் உட்கார வையுங்கள். நழுவினால் மெல்லிய செம்புக் கம்பியால் நாலு சுற்று.

படி 6: டிரெய்லர்

தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால், அதிகம் ஆடாத குட்டையான சங்க் வகை. 60க்கு மேல் என்றால் இடுக்கி படபடவென்று அடிக்கிற கிரா வகை. ஸ்விம் ஜிக்குக்கு மீன்வால் வடிவம். நிறம் ஸ்கர்ட்டை ஒட்டியே இருக்கட்டும். முள்ளில் நேராகக் கோத்துவிடுங்கள், கோணலாக இருந்தால் ஜிக் சுழன்று நரம்பு முறுக்கிக்கொள்ளும்.

படி 7: கட்டி வீசுவது

ஏழடி மீடியம் ஹெவி ராடு, அதாவது சற்று விறைப்பான தூண்டில் கோல். திறந்த தண்ணீருக்கும் பாறைக்கும் 15 பவுண்டு தாங்கும் ஃபுளூரோகார்பன் நரம்பு, செடிக்காட்டுக்கு 50 பவுண்டு தாங்கும் பிரெய்டு, அதாவது பின்னிய நரம்பு. நரம்பை இரட்டையாக மடித்துப் போடுகிற பாலோமர் முடிச்சு போட்டு, இறுக்குவதற்கு முன் எச்சில் தடவிக்கொள்ளுங்கள்.

மரத்துக்குப் பக்கத்தில் அலுங்காமல் இறக்குங்கள். இறங்கும்போது உங்கள் கண் நரம்பின் மேலேயே இருக்கட்டும். கடி என்பது பல சமயம் இழுப்பாகவே வராது. நரம்பு ஒரு சொடுக்குச் சொடுக்கும், அல்லது பக்கவாட்டில் நகரும், அல்லது பத்தடி ஆழத்தில் ஐந்தடியிலேயே நின்றுவிடும். உடனே தொய்வைச் சுற்றி எடுத்து, பலமாகச் சுண்டுங்கள். கடியே இல்லாமல் தரையைத் தொட்டால் இரண்டு மூன்று முறை அரை அடி தூக்கி இறக்குங்கள். ஒன்றும் இல்லையா, எடுத்து அடுத்த மரம். கட்டையில் மாட்டினால் ஆத்திரப்பட்டு இழுக்காதீர்கள். நரம்பைத் தளரவிட்டு, ராடு நுனியைப் பொடிப்பொடியாக ஆட்டுங்கள். பாதிக்கு மேல் தானாக விழுந்துவிடும், விழுகிற அந்த நொடியில் மீன் கடிப்பதும் உண்டு.

போகும் முன் லைசென்ஸ். டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களுக்குள் கரையில் நின்று பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை, பழகுவதற்கு அதுவே நல்ல இடம். லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையிலான பாஸைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்ற விதி உண்டு. விதிகள் மாறக்கூடியவை, டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் தளத்தை அன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு லார்ஜ்மவுத் 1992 ஜனவரியில் இதே லேக் ஃபோர்க்கில்தான் மாட்டியது. பிடித்தவர் கையில் ஜிக் இல்லை. கிராப்பி என்கிற சின்ன மீனுக்காக ஒரு உயிர்ப்பொடிமீனைக் கட்டிப் போட்டிருந்தார்.