பக்கத்தைப் பிடித்து வைக்கும்போது செய்யும் தவறுகள்

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் உறவினர் ஒருவருக்கு, அன்றன்றைய ஏல விலையைக் காட்டும் இணையப் பக்கம் ஒன்று செய்து கொடுத்தேன். ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் புற்றடியிலும் நடக்கிறது. விலைக்காகக் காத்திருப்பவர்களில் பலர் பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களில் இருக்கும் நம் ஆட்கள். முதல் வாரமே ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, பக்கம் வெள்ளையாவே நிக்குது. இன்னைக்கு விலை போடலையா?"

விலை போட்டாகிவிட்டது. நான்தான் மறைத்து வைத்திருந்தேன்.

விலை வந்து சேரும்போது அட்டவணை குதிக்கக் கூடாது என்று, பக்கத்தின் உடலான பாடியின் ஒபாசிட்டியை, அதாவது கண்ணுக்குத் தெரியும் அளவை, பூஜ்யமாக்கி, விலை வந்த பிறகு ஸ்கிரிப்ட் (பக்கத்தோடு இறங்கும் சிறு நிரல்) அதைத் திறக்கும்படி எழுதியிருந்தேன். போடியில் என் மேஜையில் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. மலையில் சிக்னல் விட்டுப்போய் ஸ்கிரிப்ட் ஃபைல் வராமல் போனால், திரையைத் திறக்க ஆளே இல்லை. இரண்டு விநாடியில் தானாகத் திறக்கும்படி டைமர் வைத்திருந்தேன்தான். ஆனால் அதுவும் அதே ஃபைலுக்குள் இருந்தது. பூட்டுக்குள்ளேயே சாவியை வைத்த கதை. மறைத்தே தீரவேண்டும் என்றால், திறக்கும் வேலையை, பக்கத்தின் தோற்றத்தைக் கவனிக்கும் சி.எஸ்.எஸ்.ஸின் அனிமேஷனிடம் விடுங்கள். ஸ்கிரிப்ட் வந்தாலும் வராவிட்டாலும் அது திறந்துவிடும்.

பிரவுசரே ஓரளவு காத்திருக்கும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறோம். பக்கத்தின் தலைப்பகுதியான ஹெட்டில் இருக்கும் ஸ்டைல்ஷீட் (தோற்றத்தைச் சொல்லும் ஃபைல்) வந்து சேரும்வரை அது எதையும் வரையாது. அதனால் தளம் முழுவதற்குமான ஸ்டைலை ஒரே பெரிய ஃபைலாக அங்கே வைத்தால், யாரும் கேட்காமலேயே பக்கம் நின்றுவிடும். தமிழ் எழுத்துரு இன்னொரு சுமை. பொதுவாக பிரவுசர் 3 விநாடி வரை எழுத்தைக் காட்டாமல் அதற்காகக் காத்திருக்கும். சி.எஸ்.எஸ்.ஸில் ஃபாண்ட் டிஸ்ப்ளே என்ற அமைப்புக்கு ஸ்வாப் என்று கொடுத்தால், போனில் இருக்கும் எழுத்திலேயே விலை உடனே தெரியும்.

சரி, ஒரு பகுதி மட்டும் வரும்வரை முறையாக நிறுத்தி வைக்க வழி இல்லையா? இருக்கிறது. 2024இல் குரோம் 124இல் வந்தது. ஹெட்டுக்குள் ஒரு லிங்க் டேக் போட்டு, அதன் பண்புகளில் ரெல்லுக்கு எக்ஸ்பெக்ட் என்றும், பிளாக்கிங்குக்கு ரெண்டர் என்றும், ஹெச்ரெஃபில் அந்தப் பகுதியின் அடையாளப் பெயரான ஐடியையும் கொடுக்க வேண்டும். இதை அறியாத பிரவுசர் கண்டுகொள்ளாமல் வழக்கம்போல் வரைந்துவிடும், அதனால் பயமில்லை.

இங்கேயும் வழுக்கும் இடங்கள் உண்டு. அந்த ஐடி உள்ள பகுதியின் முடிவைக் குறிக்கும் மூடும் டேக் வரை பிரவுசர் படித்த பிறகுதான் திரை விடுபடும். பக்கத்தையே சுற்றியிருக்கும் பெரிய டிவ் பெட்டியின் ஐடியைக் கொடுத்தால், அடிக்குறிப்பு வரை காத்திருக்கும். ஐடியில் ஓர் எழுத்து பிசகினாலும் அதே கதிதான்: ஆவணம் முடியும்வரை தேடிக்கொண்டிருக்கும். இன்னொன்று, சர்வரிலிருந்து எச்.டி.எம்.எல்.லாக, அதாவது பக்கத்தின் மூல எழுத்தாக, வருவதை மட்டுமே இது பார்க்கும். படம் இறங்கியதா, ஸ்கிரிப்ட் பின்னால் போய் விலையைக் கொண்டுவந்ததா என்பதெல்லாம் இதன் கணக்கில் வராது. என் பக்கத்தில் விலை அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. இந்த லிங்க்கைப் போட்டிருந்தால் வெறும் கட்டத்துக்காகத்தான் காத்திருந்திருக்கும்.

அதனால் முதலில் விலையை சர்வரிலேயே அட்டவணைக்குள் எழுதினேன். அப்புறம் சராசரி விலை, அதிகபட்ச விலை என்ற இரண்டு வரிகளை மட்டும் தனிப் பகுதியாக்கி, அதன் ஐடியைக் கொடுத்தேன். ஒவ்வொரு லாட்டின் (ஏலத்துக்கு வந்த குவியலின்) விவரமும், காய்களின் படங்களும் அதற்குக் கீழே மெதுவாக வரட்டும். போடிமெட்டு ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்து, சிக்னல் ஒரு கோடாகத் தேய்ந்த இடத்தில் திறந்து பார்த்தேன். படங்கள் வரவேயில்லை. இரண்டு வரி விலையும் வந்து நின்றது.