மேட்டுக் காணிக்கு சின்ன மெசின் எடுக்கப் போறீங்களா?

குடும்பிமலைப் பக்கம் மாதிரி ஏத்த இறக்கமான காணிக்கு சின்ன டிரக்டர் எடுக்கிறண்டா முதல்ல ஹோஸ்பவரக் கேக்காதீங்க, மெசின் எவ்வளவு அகலம், எவ்வளவு பதிவா இரிக்கி எண்டு பாருங்க, வயலுக்க நல்லா ஓடுற ஒடுக்கமான மெசின் சரிவில குறுக்கால போனா கவுண்டிரும். பின் சில்லு ரெண்டையும் வெளிய தள்ளிப் பூட்ட ஏலுமா எண்டும் கேளுங்க. நாலு சில்லும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் எண்டா இறக்கத்தில முன் சில்லும் பிடிக்கும். சீட்டுக்குப் பின்னால, உருண்டா ஆளக் காக்கிற இரும்பு வளைவு இல்லாத மெசின் எவ்வளவு மலிவாக் கிடைச்சாலும் நான் எடுக்க மாட்டன், வளைவு இருந்தா பெல்ட்டும் போடணும். மறுகா பின் சில்லு ஒவ்வொண்டுக்கும் ஒண்டா பிரேக் மிதி ரெண்டு இரிக்கும், வயலுக்க கிறுக்கித் திருப்ப ரெண்டையும் சேக்கிற கொளுக்கியக் கழட்டி விட்டிருப்பாங்க, மேட்டுல ஏற முதல் ரெண்டையும் சேத்துக் கொளுவுங்க. இறக்கத்தில நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற ஆக்களும் இரிக்காங்க, அந்த வேல வேணாம், சின்னக் கியரிலயே விடுங்க.