குழந்தைகள் ரேஸ் குவாடுக்கு எடை குறைந்த ஆக்சில்: தேர்வு செய்வதும் மாட்டுவதும்

யமஹா ஒய்எஃப்இசட்450ஆர் குவாடு (மண் தடத்தில் ஓட்டும் நாலு சக்கர பைக்), பெட்ரோல், எண்ணெயோடு 184 கிலோ. ஓட்டுபவர் 75 கிலோ என்றால் தன் எடையைப்போல் இரண்டரை மடங்கு வண்டியை அவர் அடக்குகிறார். அதே கம்பெனி ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்காகச் செய்த 50 சிசி குவாடு சுமார் 100 கிலோ. அதில் உட்காரும் பிள்ளை 20, 22 கிலோ இருந்தால் அதிகம். ஏறக்குறைய ஐந்து மடங்கு! அமெரிக்காவில் பிள்ளைகளை ஏடிவி மோட்டோகிராஸுக்கு, அதாவது மேடுபள்ள மண் தடத்தில் நடக்கும் குவாடு ரேஸுக்கு, கூட்டிப் போகும் அப்பாக்கள் கிராம் கணக்குப் பார்ப்பது இதனால்தான். அந்தக் கணக்கு நேராக வந்து நிற்கும் இடம் பின் ஆக்சில், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைத்துச் சுற்றும் கம்பி.

ஆனால் முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துவிடலாம். "ஆக்சில் சுற்றுகிற பாகம், அதன் எடையைக் குறைத்தால் பிக்கப் பிய்த்துக்கொண்டு போகும்" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மிமீ விட்டம், 80 செமீ நீளமுள்ள கெட்டியான எஃகு ஆக்சில் சுமார் 3 கிலோ. அத்தனை எடையும் மையக்கோட்டை ஒட்டியே இருப்பதால், அது சுழல்வதால் கூடும் சுமை, 16 அங்குல டயரின் விளிம்பில் 6 கிராம் ஒட்டியதற்குச் சமம். அவ்வளவுதான். பிக்கப்தான் வேண்டுமென்றால் டயர், ரிம்மில் கை வையுங்கள்.

ஆக்சிலைக் குறைப்பதன் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரங்களைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) நுனியில் ஆக்சில், பேரிங் கேரியர் (ஆக்சில் சுற்றும் பேரிங்குகளைப் பிடிக்கும் கூடு), செயின் ஓடும் ஸ்பிராக்கெட், பிரேக் டிஸ்க், இரண்டு சக்கரம் எல்லாம் ஷாக் அப்சார்பருக்குக் கீழே தொங்குகின்றன. பள்ளத்தில் விழுந்து எழும்போது ஷாக் அடக்க வேண்டியது இந்த எடையைத்தான். இது குறைந்தால் பின்சக்கரம் தரையை விட்டு எம்புவது குறையும், பிள்ளையின் முதுகில் குத்துவதும் குறையும். பெரியவர் உடல் எடையால் அமுக்கிச் சமாளிப்பதை 20 கிலோ பிள்ளையால் செய்ய முடியாது.

வாங்குவதற்கு முன்

விதிப் புத்தகத்தைப் பாருங்கள். கம்பெனி பாகங்களை மாற்றக்கூடாத பிரிவில் உங்கள் பிள்ளை ஓடினால் இந்தக் கட்டுரையே உங்களுக்கு வேண்டாம். வண்டியின் மொத்த அகலத்துக்கும் வரம்பு இருக்கும். நீள ஆக்சில் வாங்கும் ஆசை வருவதற்கு முன் அதை அளந்துகொள்ளுங்கள்.

பிறகு பழைய ஆக்சிலை எடை போடுங்கள். குளியலறைத் தராசு உதவாது. பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு போதும். விளம்பரத்தில் "40 சதவீதம் எடை குறைவு" என்று போட்டிருந்தால், எதைவிட என்று கேளுங்கள். கையில் எண் இருந்தால்தான் அந்தக் கேள்வி கேட்க முடியும்.

எந்த ஆக்சில்?

தொடக்கக்காரர்களுக்கு என் பதில் ஒன்றே: உள்ளே துளையுள்ள குரோமோலி எஃகு (குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது). காரணம் எளிது. முறுக்கும் வளைவும் கம்பியின் வெளித்தோலைத்தான் இழுக்கின்றன, நடுப்பகுதி பெரும்பாலும் சும்மா இருக்கிறது. மூங்கில் சாரத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 25 மிமீ கம்பியில் 12.5 மிமீ துளை இருந்தால் எடை கால்பங்கு குறையும், அதாவது 770 கிராம். பலம் குறைவது 6 சதவீதம்தான். துளை 15 மிமீ ஆனால் எடை 36 சதவீதம் போகும், பலம் 13. அதற்குமேல் பேராசைப்பட வேண்டாம். 20 மிமீ துளையில் பலம் 41 சதவீதம் போய்விடும். வெப்பப் பதம் ஏற்றிய, 4340 என்ற இவ்வகை எஃகு, சாதா எஃகைவிடப் பல மடங்கு வலுவானது என்பதால் முதல் இரண்டு அளவிலும் இழந்ததற்கு மேலேயே திரும்பக் கிடைக்கும்.

டைட்டானியம்? எடை எஃகில் பாதிக்குச் சற்று மேல், விறைப்பும் அப்படியே பாதிக்குச் சற்று மேல்தான். அதே விட்டத்தில் போட்டால் ஆக்சில் கூடுதலாக வளைந்து கொடுக்கும், விலையோ கண்ணைக் கட்டும். அலுமினியம் என்றால் குதித்து இறங்கும் வண்டிக்கு நான் போடமாட்டேன். எஃகு ஓர் அளவுக்குள் வரும் அடியை எத்தனை லட்சம் தடவை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான அளவு கிடையாது. சின்ன அடிகளும் சேர்ந்துகொண்டே போகும், ஒருநாள் முறியும்.

இன்னொன்று, நம்மூர் மூளை உடனே யோசிக்கும்: "இருக்கிற ஆக்சிலையே லேத்தில் கொடுத்துத் துளை போட்டால் என்ன?" கூடாது. 80 செமீ நீளத்துக்குச் சாதா ட்ரில் நேராகப் போகாது, நடுவில் ஒரு பக்கம் ஒதுங்கும். ஒரு சுவர் 6 மிமீ, எதிர்ச் சுவர் 3 மிமீ என்று ஆனால் முறியும் இடத்தை நீங்களே குறித்துக் கொடுத்த மாதிரி.

கழற்றுவது

வண்டியைக் கழுவி, இன்ஜின் ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். முதல் வேலை ஆக்சில் முனை நட்டுகள். காட்டர் பின்னை (நட்டு கழலாமல் குறுக்கே செருகிய கம்பி ஊசி) உருவிவிட்டு, சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கைப் பிடிக்க, நட்டை இளக்குங்கள். ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு நீள ஸ்பேனர் போட்டு இழுத்தால் வண்டி உங்கள் மேல் சாயும்.

பிறகு ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம், அது மாட்டியிருக்கும் ஹப் இரண்டையும் உருவுங்கள். பிரேக் காலிபரை (டிஸ்கைக் கவ்வும் பாகம்) கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கவிடாதீர்கள். அது வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் லீவரைத் தொடக்கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். (பக்கத்தில் நிற்கும் பிள்ளை கட்டாயம் தொடும்.) செயினைத் தளர்த்திக் கழற்றுங்கள். ஸ்பிராக்கெட் பக்கமும் டிஸ்க் பக்கமும் எந்த வாஷர், எந்தக் காலர் எந்த வரிசையில் இருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் இருக்கும் ஜோடி லாக் நட்டு அசையாவிட்டால் மரை பசை போட்டிருப்பார்கள். ஹீட் கன்னால் சூடு காட்டினால் இளகும். ஆக்சிலைத் தட்டி வெளியேற்ற, முனை நட்டைக் கம்பியின் நுனியோடு சமமாகும்வரை திருகி, மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் நேராகப் பட்டால் மரை நசுங்கும், பிறகு பழையது ஸ்பேராகக்கூட உதவாது.

மாட்டுவது

கேரியர் காலியாக இருக்கும்போதே விரலை விட்டு இரண்டு பேரிங்கையும் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போல் உணர்ந்தால் பேரிங்கையும் சீலையும் இப்போதே மாற்றுங்கள். ஆட்டம் கண்ட பேரிங்கில் புது ஆக்சில் போடுவது காசைக் கரைப்பது.

புது ஆக்சில் நேராக இருக்கிறதா என்று இரண்டு வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளமுள்ள தாங்கு கட்டை) வைத்து, நடுவில் டயல் கேஜ் (முள் காட்டும் அளவுகருவி) நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். முள் ஆடும் அளவில் பாதிதான் உண்மையான வளைவு. கேஜ் இல்லையென்றால் தடித்த கண்ணாடி மேசையில் உருட்டி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாலும் ஓரளவு தெரியும்.

ஸ்ப்லைனில் (ஹப் பிடிக்க ஆக்சிலில் வெட்டிய பற்கள்) மெல்லிசாகக் கிரீஸ் தடவி உள்ளே செலுத்துங்கள். இரு பக்கமும் வெளியே நீட்டிய நீளம் சமமா என்று அளந்த பிறகே லாக் நட்டை இறுக்குங்கள். எவ்வளவு டார்க் (இறுக்கும் முறுக்கு அளவு) என்பதை வண்டியின் மேனுவலிலும் ஆக்சிலோடு வந்த தாளிலும் பாருங்கள், இரண்டும் வேறுபட்டால் ஆக்சில் தாளின்படி போங்கள். காட்டர் பின் புதிதாக இருக்கட்டும்.

செயின் தளர்வைப் பிள்ளையை சீட்டில் உட்காரவைத்து மறுபடி சரிபாருங்கள். வண்டி அமுங்கி ஸ்விங் ஆர்ம் மேலே எழும்போது செயின் விறைக்கும். காலி வண்டியில் சரியாகத் தெரிந்தது குதித்து இறங்கும்போது பேரிங்கை இழுக்கும். நீள ஆக்சில் போட்டிருந்தால் திருப்பத்தில் வண்டி கவிழும் பயம் குறையும், ஆனால் சக்கரம் பேரிங்கை விட்டுத் தள்ளிப் போனதால் வளைக்கும் விசை கூடும். அதனால்தான் ஒரே நேரத்தில் நீளமாகவும் மிக மெலிதாகவும் போகாதீர்கள் என்கிறேன்.

முதல் பிராக்டீஸ் சுற்று மெதுவாக, குதிப்பு இல்லாமல். வந்தவுடன் எல்லா நட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள், முதல் ஓட்டத்தில் பாகங்கள் பதிந்து கொஞ்சம் தளரும். இறுக்கிய பின் நட்டுக்கும் ஆக்சிலுக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு பிளந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது, ஸ்பேனர் எடுக்காமலே தெரியும்.

ஒவ்வொரு ரேஸுக்குப் பிறகும் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு: ஆக்சில் பேரிங் கேரியரை விட்டு வெளியே வரும் இடம், ஸ்ப்லைன் பல் தொடங்கும் இடம். விரிசல் வந்தால் அங்கேதான் முதலில் வரும். துணியால் துடைத்து, நகத்தால் சுற்றிலும் வருடிப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால் அந்த ஆக்சிலோடு பிள்ளையை ஓட்ட விடாதீர்கள். அப்படியே வண்டிக்கு அடியில் ஒட்டிய சேற்றையும் சுரண்டிவிடுங்கள். ஈரமான டிராக்கில் ஒரு ஓட்டத்தில், நீங்கள் காசு கொடுத்துக் குறைத்த 770 கிராமைவிட அதிகமாகவே அது ஏறியிருக்கும்.