சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் எலிமெண்டரி ஸ்கூல்களை ஒப்பிடுவது எப்படி?

அமெரிக்காவில் வீடு மாறப் போகிறவர்கள் பலரும் முதல் வேலையாக கிரேட்ஸ்கூல்ஸ் தளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டு, பத்துக்கு எத்தனை என்று பார்க்கிறார்கள். எட்டு என்றால் சந்தோஷம், ஆறு என்றால் அந்தத் தெருவே வேண்டாம். ஓர் ஊர் அல்லது பகுதியின் அரசுப் பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் நிர்வாகப் பிரிவுதான் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். மூன்று நான்கு எலிமெண்டரி ஸ்கூல்கள் (தொடக்கப் பள்ளிகள்) மட்டுமே உள்ள டிஸ்ட்ரிக்டில் இப்படிப் பார்ப்பது சரிவராது. எல்லாவற்றையும் நடத்துவது ஒரே ஸ்கூல் போர்டு, அதாவது டிஸ்ட்ரிக்டின் நிர்வாகக் குழு. பாடத்திட்டமும் ஆசிரியர் சம்பளமும்கூட பெரும்பாலும் ஒன்றுதான். வித்தியாசம் இருந்தால் அது வேறு இடத்தில் இருக்கும்.

படி 1: தேர்ந்தெடுக்க வழி இருக்கிறதா?

எந்தப் பள்ளி என்பதைப் பெரும்பாலும் வீட்டு முகவரிதான் முடிவு செய்கிறது. தபால் முகவரியில் ஓர் ஊரின் பெயர் இருக்கும், பள்ளியோ பக்கத்து டிஸ்ட்ரிக்டில் வரும். வீடு விற்கும் தளங்கள் காட்டும் பள்ளிப் பெயரை அப்படியே நம்ப வேண்டாம். டிஸ்ட்ரிக்ட் தளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள்; அந்த வசதி இல்லையென்றால் அலுவலகத்துக்கு போன் செய்து கேளுங்கள். எல்லைக்குள்ளேயே வேறு பள்ளிக்கு மாற்றல் தருவார்களா என்பதையும் அதே போனில் கேட்டுவிடலாம்.

சில சின்ன டிஸ்ட்ரிக்டுகளில் இரண்டாம் வகுப்பு வரை ஒரு கட்டிடம், மூன்றிலிருந்து ஐந்து வரை இன்னொரு கட்டிடம். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் இரண்டிலும் படிப்பார்கள். அங்கே ஒப்பிட எதுவும் இல்லை, நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடலாம்.

படி 2: மாநில ரிப்போர்ட் கார்டைத் திறங்கள்

2015-ல் வந்த கூட்டாட்சிக் கல்விச் சட்டப்படி, ஒவ்வொரு மாநிலமும் பள்ளிவாரியாக ஒரு ரிப்போர்ட் கார்டு (பிள்ளையின் மதிப்பெண் அட்டை அல்ல, பள்ளியைப் பற்றிய அறிக்கை) வெளியிட வேண்டும். மாநிலத்தின் பெயரோடு 'ஸ்கூல் ரிப்போர்ட் கார்டு' என்று தேடினால் கிடைக்கும். 3 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் மாநிலத் தேர்வு உண்டு. மாசசூசெட்ஸில் எம்காஸ், நியூ ஜெர்சியில் என்ஜேஎஸ்எல்ஏ என்று மாநிலத்துக்கு ஒரு தேர்வு. அதனால் இரண்டு மாநிலங்களின் சதவீதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள்.

படி 3: எண்களைச் சந்தேகத்தோடு படியுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். ஒரு பள்ளியின் மூன்றாம் வகுப்பில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு 28 பேர் தேறினால் 70 சதவீதம். அடுத்த ஆண்டு 25 பேர் என்றால் 62.5. அட்டவணையில் பார்த்தால் பெரிய சரிவு. உண்மையில் மூன்றே பிள்ளைகள். இரண்டு பேர் அன்று காய்ச்சலோடு எழுதியிருக்கலாம், யார் கண்டது? ஆகவே குறைந்தது மூன்று ஆண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள். 2020-ல் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை, 2021-ல் பல இடங்களில் நிறையப் பேர் எழுதவில்லை, அவற்றை விட்டுவிடுங்கள். சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருந்தால் பதற வேண்டாம். பிள்ளைகள் மிகக் குறைவு என்பதால் அடையாளம் தெரியாமல் மறைத்திருக்கிறார்கள்.

தேர்ச்சி சதவீதம் பெரும்பாலும் வீட்டு வசதியையும் சேர்த்தே காட்டுகிறது. பள்ளியின் உழைப்பைப் பார்க்க 'குரோத்' (வளர்ச்சி) என்ற எண்ணே மேலானது: பிள்ளை போன வருடம் இருந்த இடத்திலிருந்து எவ்வளவு முன்னேறியது என்பதை அது சொல்கிறது. சராசரித் தேர்ச்சியோடு நல்ல குரோத் உள்ள பள்ளியை நான் தயங்காமல் எடுப்பேன். அப்புறம் 'கிரானிக் ஆப்சென்டீயிசம்'. பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராத பிள்ளைகளின் விகிதம் இது; 180 நாள் ஆண்டில் 18 நாள். ஒரே ஊரில் ஒரு பள்ளியில் மட்டும் இது அதிகம் என்றால் காரணம் கேட்க வேண்டும்.

மாணவர்–ஆசிரியர் விகிதம் 13 என்று போட்டிருந்தால் வகுப்பில் 13 பேர் என்று அர்த்தமில்லை. இசை, சிறப்புக் கல்வி ஆசிரியர்களையும் சேர்த்த கணக்கு அது. வகுப்பில் எத்தனை பேர் என்பதை நேரில்தான் கேட்க வேண்டும்.

படி 4: போய்ப் பாருங்கள்

பள்ளி அலுவலகத்தில் நேரம் கேட்டால் பெரும்பாலும் சுற்றிக் காட்டுவார்கள். பிரின்சிபல் வந்து எத்தனை வருடம், கடந்த ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள், வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள், ஆஃப்டர் கேரில் (பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வசதி) இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி சில்லறை விஷயம் போலத் தோன்றும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அதுவே முடிவைத் தீர்மானிக்கும்.

நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். சேர்க்கையின்போது வீட்டில் பேசும் மொழியைக் கேட்டு ஒரு படிவம் தருவார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறனறியும் சோதனை நடக்கும். பயந்து மறைக்க வேண்டாம். தேவைப்பட்டால் மொழி உதவி இலவசமாகக் கிடைக்கும். அந்த உதவியைத் தரும் ஆசிரியர் எந்தப் பள்ளியில் முழுநேரம் இருக்கிறார், எங்கே வாரத்தில் சில நாள் மட்டும் வருகிறார் என்று விசாரியுங்கள். சின்ன டிஸ்ட்ரிக்டுகளில் ஒரே ஆசிரியரை இரண்டு மூன்று பள்ளிகள் பகிர்ந்துகொள்வது உண்டு.

படி 5: ஸ்கூல் போர்டு கூட்டக் குறிப்புகள்

கடந்த ஓராண்டுக் குறிப்புகளில் எல்லை மாற்றம், பள்ளி மூடல் என்ற பேச்சு வருகிறதா என்று தேடுங்கள். மாணவர் எண்ணிக்கை குறையும் ஊரில் முதலில் கைவைப்பது எலிமெண்டரி கட்டிடங்களில்தான். அப்படிப் பேச்சு இருந்தால், குறிப்பிட்ட பள்ளிக்காக அதிக விலை கொடுத்து வீடு வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

படி 6: பதிவு

கிண்டர்கார்டன் (முதல் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) பதிவைப் பல இடங்களில் குளிர்காலம் முடிவதற்குள்ளேயே தொடங்கிவிடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி விவரம், வாடகை ஒப்பந்தம் அல்லது மின்கட்டண பில் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பிள்ளைக்கு ஐந்து வயது நிறைய வேண்டிய தேதி பல மாநிலங்களில் செப்டம்பர் 1-ஐ ஒட்டி இருக்கிறது. உங்கள் டிஸ்ட்ரிக்டில் எந்தத் தேதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.